பயிற்சிக்கு மட்டும்

பெயர்: பரமலிங்கம் வினோஜா. வயது: 39. முகவரி: பிள்ளையார் கோயிலடி, உடுவில் கிழக்கு. தொழில்: தாதிய உத்தியோகத்தர், அரச வைத்தியசாலை ஒன்றின் இதய தீவிர சிகிச்சைப் பிரிவு. மதம்: சைவம். திருமணமானவர்.

2025 ஓகஸ்ட் 18 ஆம் திகதி திங்கட்கிழமை நான் பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்டேன். மயிலிட்டியைச் சேர்ந்த அந்தோனிப்பிள்ளை லெனாட் என்பவர் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தன் தம்பி பிரகாஸ் துறைமுகத்தில் விழுந்து கிடந்தபோது நானும் என்னோடு வந்தவர்களும் அவருடைய உடம்பை வைத்து வைத்தியம் பழகினோம் என்றும், கரண்ட் கொடுத்தோம், நெஞ்செலும்பை முறித்தோம், பயிற்சிக்கு வைத்திருந்த மருந்தை ஏற்றினோம், தடுத்த தன்னை ஆள்விட்டுப் பிடித்தோம் என்றும் அதில் உள்ளது. அதற்கு நான் எவருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வதாவது:

நான் இதய தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடங்களாக வேலை செய்கிறேன். இதயம் நின்று விழுந்தவரை மீட்பதற்கு ஒரு மேம்பட்ட பயிற்சி உண்டு. அது புதிதாகப் படிக்கிறவர்களுக்கானதல்ல. ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துவருகிற வைத்தியர்களும் தாதியரும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி வந்து செய்து காட்ட வேண்டும். சித்தியடைந்தால்தான் சான்றிதழ் புதுப்பிக்கப்படும். இம்முறை அதை ஒரு தனியார் நிறுவனம் மயிலிட்டித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள விடுதி மண்டபத்தில் நடத்தியது. சனிக்கிழமை, அதாவது 16 ஆம் திகதி, நான் அதில் பங்குபற்றினேன். மயக்க மருந்துப் பிரிவு வைத்தியர் மயூரதனும் எங்கள் பிரிவுத் தாதிய உத்தியோகத்தர் கஜீபனும் என்னுடைய குழுவில் இருந்தார்கள்.

பயிற்சியில் ஒரு பொம்மை நோயாளியாகக் கிடக்கும். குழுவில் ஒருவர் தலைமை தாங்கி என்ன செய்வதென்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொன்னதை வாயால் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். காலையில் தலைமை தாங்கும் முறை எனக்கு வந்தது. பயிற்றுவிப்பாளர் பொம்மையின் நிலையை மாற்றிக்கொண்டே இருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு நாக்கு ஒட்டிவிட்டது. அடுத்து என்ன என்று கஜீபன் கேட்டும் நான் பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். மதியத்துக்குப் பிறகு நான் மறுபடி செய்து காட்ட வேண்டும் என்று பயிற்றுவிப்பாளர் சொன்னார். ஆகவே சம்பவம் நடந்த நேரத்தில் நான் அந்தப் பரீட்சையில் சித்தியடைந்திருக்கவில்லை. இதை யாரும் கேட்பதற்கு முன்னரே சொல்கிறேன்.

மதியம் சாப்பாட்டுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தபோது துறைமுகப் பக்கமிருந்து கத்தும் சத்தம் கேட்டது. ஒருவர் மண்டப வாசலுக்கு ஓடி வந்து, "டொக்ரர்மார் இருக்கிறியளாம், ஓடி வாங்கோ, பிரகாஸ் விழுந்திட்டான்" என்றார். அதன் பின்னர் நாங்கள் மூவரும் ஓடினோம். போகும்போது மின்னதிர்ச்சி கொடுக்கும் இயந்திரத்தை நான் எடுத்தேன். மூச்சுக் கொடுக்கும் பையையும் முகமூடியையும் வைத்தியர் மயூரதன் எடுத்தார். பயிற்றுவிப்பாளர் 1990 என்ற அவசர இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து அம்புலன்ஸை அழைத்தார்.

இயந்திரத்தின் பையில் "பயிற்சிக்கு மட்டும்" என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது உண்மை. ஆனால் இயந்திரம் விளையாட்டுப் பொருளல்ல. நோயாளிகளுக்கு வைத்தியசாலையில் பாவிக்கும் அதே இயந்திரம். வைத்தியசாலைப் பொருட்களோடு மாறிப்போகாமல் இருக்க அப்படி ஒட்டியதாகக் காலையில் சொன்னார்கள். அது வேலை செய்கிறதை நானே காலையில் சோதித்துப் பார்த்திருந்தேன். மனிதரின் நெஞ்சில் ஒட்டுகிற தகடுகள் ஒரு சோடி, உறை பிரிக்காமல் பையின் பக்கத்தில் இருந்தன. அந்த ஒரு சோடியைத் தவிர வேறு இல்லை.

பிரகாஸ் மீன் இறக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே மல்லாந்து கிடந்தார். நாற்பது வயது மதிக்கலாம், நல்ல உடற்கட்டு. முகம் நீலம் பாரித்திருந்தது. அவரைச் சுற்றி ஐஸ் கரைந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கஜீபன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நாடி இல்லை" என்றார். வைத்தியர் மயூரதன் தலைமாட்டில் குந்திக்கொண்டு, "வினோ, நீங்கள் சொல்லுங்கோ. நான் மூச்சைப் பாக்கிறன்" என்றார். தண்ணீருக்குள் வைத்து மின்னதிர்ச்சி கொடுக்க முடியாது என்பதால், நின்றவர்களைக் கொண்டு அவரைச் சீமெந்து காய்ந்திருந்த இடத்துக்கு இழுத்தோம். அதன் பின்னர் கஜீபன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். நான் அவருடைய சட்டையை வெட்டி, ஒருவர் தந்த சாரத் துணியால் நெஞ்சை ஈரம் போகத் துடைத்து, தகடுகளை ஒட்டினேன். மீன் செதில்கள் பிரகாஸின் நெஞ்சில் மயிரோடு பிடித்திருந்தன. அவற்றையும் துடைக்க வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் லெனாட் என்பவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். விழுந்தவர் தன் தம்பி என்று சொன்னார். பிரகாஸின் வாய் அப்போது இடைக்கிடை திறந்து திறந்து மூடியது. லெனாட் அதைக் கண்டு, "மூச்சு விடுறான், தெரியேல்லையோ? உயிரோடை கிடக்கிறவனை ஏன் குத்துறியள்?" என்று கஜீபனின் தோளைப் பிடித்தார். அது மூச்சல்ல, இதயம் நின்றவருக்கு ஆரம்பத்தில் அப்படி வருவதுண்டு. நான், "அண்ணை, அது மூச்சில்லை, இதயம் நிண்டிட்டுது. தயவுசெய்து விடுங்கோ" என்றேன். அவர் கையை எடுத்தார்.

அதன் பின்னர் இயந்திரத்தின் திரையைப் பார்த்தேன். இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலைக்குச் செய்ய வேண்டியது மின்னதிர்ச்சிதான். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். கஜீபன் "தள்ளி நிக்கிறன்" என்று திருப்பிச் சொன்னார். வைத்தியரும் சொன்னார். நான் முதலாவது அதிர்ச்சியைக் கொடுத்தேன். பிரகாஸின் உடம்பு தூக்கிப் போட்டது. நின்றவர்கள் ஐயோ என்று கத்தினார்கள். இதயம் திரும்பவில்லை. கஜீபன் உடனே மறுபடி அழுத்தத் தொடங்கினார்.

உடம்பு தூக்கிப் போட்டதைக் கண்டதும் லெனாட்டின் நிலைமை மாறியது. அவர் கண் இயந்திரத்தின் பையில் பட்டது. "உதிலை என்ன எழுதிக்கிடக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்தில் நின்ற ஒருவர், இவர்கள் விடுதியில் பொம்மையைப் போட்டுக் குத்திப் பழகுகிற ஆட்கள், காலையில் யன்னலால் கண்டேன் என்றார். லெனாட், "பழகிறதுக்கு உங்களுக்கு என்ரை தம்பியோ கிடைச்சவன்? பொம்மை காணாதோ?" என்று சொல்லி வைத்தியர் மயூரதனின் முகத்தில் கையால் அடித்தார். அவருடைய கண்ணாடி தெறித்து விழுந்து உடைந்தது. மூக்கால் இரத்தம் வந்தது. அவர் எழும்பவில்லை. ஒரு கையால் முகமூடியை அமர்த்திப் பிடித்தபடி மற்றக் கையால் பையை அமத்திக்கொண்டே இருந்தார்.

அதன் பின்னர் லெனாட் தம்பியின் கால்மாட்டில் விழுந்து, இடுப்போடு இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "செத்திட்டான். செத்தவனை விடுங்கோ. வீட்டை கொண்டு போறன்" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னர் உயிரோடு கிடக்கிறான் என்று சொன்னவரும் அவர்தான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

இரண்டாவது அதிர்ச்சி கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. திரையில் இதயம் இன்னும் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒருவர் தொட்டுக்கொண்டிருக்கும்போது கொடுத்தால் அவருக்கும் ஆபத்து. நான் அவரிடம், "அண்ணை, நீங்கள் பிடிச்சிருந்தா கரண்ட் குடுக்கேலாது. உங்கடை இதயமும் நிண்டுபோகும். கையை எடுங்கோ" என்று சொன்னேன். அவர் இன்னும் இறுக்கினார். பக்கத்தில் நின்ற இருவரிடம் அவரைப் பிடித்து விலக்கும்படி சொன்னது நான்தான். அவர்கள் இழுத்தார்கள். லெனாட்டோடு சேர்ந்து பிரகாஸின் உடம்பும் இழுபட்டது. தகடு ஒன்றின் ஓரம் கழன்றது. நான் அந்த இருவரையும் விடச் சொல்லிவிட்டு, தகட்டை என் உள்ளங்கையால் அமர்த்தி ஒட்டினேன். அது திரும்ப ஒட்டாமல் போயிருந்தால் மாற்றுவதற்கு வேறு தகடு இல்லை.

காலையில் பொம்மைக்கு முன்னால் நின்றதுபோல அந்த இடத்தில் நான் ஒரு கணம் பேசாமல் நின்றேன். கஜீபன் அழுத்திக்கொண்டே, "அக்கா, எனக்குக் களைக்குது" என்றார். வைத்தியரின் மூக்கிலிருந்து வடிந்த இரத்தம் முகமூடியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். ஒருவருடைய கையில் மீன்பெட்டி கொழுவி இழுக்கும் இரும்புக் கொளுக்கி இருந்தது. அவர் அதை ஓங்கவில்லை, கையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். எங்களை அடித்துப்போடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்தது. வீட்டில் என் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். எழும்பிப் போய்விடலாமென்ற நினைப்பு வந்ததா என்று கேட்டால், வந்தது.

அப்போது பிரகாஸின் மனைவி நிரோஜினி, மீன் ஏலம் விடுகிற பக்கமிருந்து ஓடி வந்தார். ஆட்கள் வழி விட்டார்கள். அவர் அழவில்லை. புருஷனைப் பார்த்தார், பையில் எழுதியிருந்ததைப் பார்த்தார், அதன் பின்னர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மிஸ், பழகிறியளோ, உண்மையாச் செய்யிறியளோ?"

நான், "உண்மையாச் செய்யிறம் அக்கா" என்றேன். அவர் மறுபடி புருஷனைப் பார்த்தார். நான், "பிழைப்பார் எண்டு சொல்ல என்னாலை ஏலாது. ஆனா இப்ப விட்டமெண்டா அவர் இல்லை" என்றேன்.

அவர், "அப்ப செய்யுங்கோ" என்றார்.

அதன் பின்னர் அவர் முழங்காலில் நின்று லெனாட்டின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "அத்தான், விடுங்கோ. நான்தானே சொல்லுறன், விடுங்கோ" என்றார். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றின இரண்டு கைகளையும் தன்னுடைய மடியில் அமர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நான் தள்ளி நிற்கச் சொன்னபோது, கஜீபனும் வைத்தியரும் திருப்பிச் சொன்னார்கள். நிரோஜினியும், "தள்ளி நிக்கிறம்" என்று சொன்னார். இரண்டாவது அதிர்ச்சியைக் கொடுத்தேன்.

இதயம் திரும்பவில்லை. நெஞ்சை அழுத்துவதற்குக் கஜீபனிடமிருந்து நான் மாறிக்கொண்டேன். நான் அழுத்தும்போதுதான் விலா எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் நிரோஜினிக்கும் லெனாட்டுக்கும் கேட்டது. போதிய ஆழத்துக்கு அழுத்தினால் பெரியவர்களுக்கு எலும்பு முறிவது நடக்கக்கூடியது. முறைப்பாட்டில் எலும்பை முறித்தவர் யாரென்று தெரியாது என்று உள்ளது. நான்தான்.

கஜீபன், மண்டபத்திலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து வரவோ என்று கேட்டார். வேண்டாம், அது பயிற்சிப் பெட்டி, உள்ளே இருப்பது காலாவதியான மருந்து என்று சொன்னேன். ஆகவே நாங்கள் எந்த மருந்தும் ஏற்றவில்லை. பிரகாஸின் கையில் இருந்த ஊசிக் காயம் பின்னர் அம்புலன்ஸில் வந்தவர்கள் சேலைன் ஏற்றியதால் வந்தது.

மூன்றாவது அதிர்ச்சிக்குப் பிறகு அழுத்திக்கொண்டிருந்தபோது, பிரகாஸ் என் கையைத் தட்டிவிடுவதுபோலத் தோளை அசைத்தார். நிறுத்திப் பார்த்தோம். வைத்தியர் மயூரதன் கழுத்தில் விரலை வைத்து, கண்ணாடி இல்லாததால் திரையில் என்ன தெரிகிறதென்று என்னிடம் கேட்டார். திரையில் ஒழுங்கான துடிப்பு இருந்தது. "நாடி இருக்கு" என்றார். நானும் விரலை வைத்தேன். அம்புலன்ஸில் வைத்தியசாலை போய்ச் சேரும்வரை நான் அந்த விரலை எடுக்கவில்லை. எடுக்கும்படி அம்புலன்ஸில் வந்தவர் இரண்டு தரம் சொன்னதாகப் பின்னர் கஜீபன் சொன்னார். எனக்கு அது கேட்கவில்லை.

வைத்தியசாலையில் அன்றே அவருடைய இதயக் குழாய் அடைப்பு நீக்கப்பட்டது. அதன் பின்னர் அவரை நித்திரையாக்கி, செயற்கைச் சுவாசத்தில், நான் வேலை செய்கிற பிரிவிலேயே வைத்திருந்தார்கள். மூளைக்கு இரத்தம் போகாமல் எவ்வளவு பாதிப்பு என்று மருந்தை நிறுத்திய பிறகுதான் தெரியும். முறைப்பாடு இருப்பதால் நான் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மேலதிகாரி சொன்னார். நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மாற்றமில்லை என்றே ஒவ்வொரு தரமும் சொன்னார்கள். பிறகு தொலைபேசியை எடுக்கப் பயந்து கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை பயிற்சி நடத்திய நிறுவனத்திலிருந்து ஒருவர் கணவரின் தொலைபேசியில் என்னோடு கதைத்தார். பையில் அப்படி எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று சொன்னால் எல்லோருக்கும் நல்லது என்றார். நான் மாட்டேன் என்று சொன்னேன். ஒட்டியிருந்தது. எனக்கு அந்த எழுத்து தெரியும், லெனாட்டுக்கும் தெரிந்தது. அவருடைய இடத்தில் என் தம்பி கிடந்து, அப்படி எழுதிய பையோடு மூன்று பேர் வந்து கரண்ட் கொடுத்திருந்தால், நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பரீட்சையில் சித்தியடையாத நிலையில் ஏன் தலைமை தாங்கினீர்கள் என்று என்னிடம் வினவப்பட்டது. என்னிடமுள்ள சான்றிதழ் காலாவதியாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதைவிட, அங்கே நின்றது நாங்கள் மூவர்தான்.

மனைவியின் சம்மதம் பெற்றதாக நீங்கள் சொன்னாலும், தான் அப்படி எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை என்று அவர் நேற்றுச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. அவர் அப்படிச் சொல்லியிருந்தால் அது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என்ன சொன்னோமென்று எவருக்கும் ஞாபகம் இருக்க வேண்டுமென்றில்லை. அவரை மறுபடி கூப்பிட்டு இதைப் பற்றி விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் சம்மதிக்காமல் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்களா என்று வினவப்பட்டது. இல்லை. ஆனால் லெனாட்டின் கைகளை என்னால் கழற்றியிருக்க முடியாது.

இந்த இடத்தில், என்னோடு வந்து வெளியே நின்ற என் கணவர் அறை வாசலுக்கு வந்து பிரிவிலிருந்து அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னபடியால், பொறுப்பதிகாரியின் அனுமதியோடு வாக்குமூலம் நிறுத்தப்பட்டது.

வாக்குமூலம் மீண்டும் தொடர்கிறது. கதைத்தவர் கஜீபன். காலையில் நித்திரை மருந்தை நிறுத்தியதாகவும், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பிரகாஸ் கண் திறந்து பார்த்ததாகவும், கையை அமத்தச் சொன்னதும் மனைவியின் கையை அமத்தியதாகவும், இரண்டு கையும் இரண்டு காலும் அசைவதாகவும் சொன்னார். சுவாசக் குழாய் இன்னும் இருப்பதால் கதைக்க முடியாது. ஆளை அடையாளம் கண்டு மட்டுப்பிடிக்கிறாரா என்று கேட்டேன். மனைவியைக் கண்டதும் கண்ணால் தண்ணீர் வந்தது என்றார்.

அப்போது லெனாட் பொலிஸ் நிலைய வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். தன் முறைப்பாட்டில் இன்னொரு கையொப்பம் வைக்க வரச்சொல்லியிருந்தார்களாம். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அவரோடு கதைக்கலாமா என்று பொறுப்பதிகாரியிடம் கேட்டேன். அவர் தானும் கூட வந்தார். என்னைக் கண்டதும் லெனாட் எழும்பினார். நான் வருவதைப் பார்த்து, தம்பி முடிந்துவிட்டான் என்று நினைத்தார்போலும். சுவரைப் பிடித்துக்கொண்டார். நான், "அண்ணை, தம்பி கண் முழிச்சிட்டார்" என்றேன்.

அவர் பொறுப்பதிகாரியைப் பார்த்தார். பொறுப்பதிகாரி ஓம் என்று தலையாட்டினார்.  லெனாட், "எலும்பு உடைஞ்சதெண்டவை. அவனுக்கு நோகுமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. கனநாளைக்கு நோகும். இருமினாலும் நோகும், சிரிச்சாலும் நோகும்" என்றேன்.

"நோகட்டும்" என்றார். "நோகட்டும் பிள்ளை."

அதன் பின்னர் அவர் வாங்கில் குந்திக்கொண்டு முகத்தைச் சாரத்தால் மூடிக்கொண்டார். இப்போது போனால் பார்க்க விடுவார்களா என்று கேட்டார். நான் கஜீபனுக்கு எடுத்து, பார்வையாளர் நேரம் தப்பினாலும் அவரை ஒருதரம் உள்ளே விடும்படி சொன்னேன். அவர் கையொப்பம் வைக்காமல் ஓட்டோ பிடித்துப் போய்விட்டார். முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வைத்தியர் மயூரதனை அடித்தது சம்பந்தமாக முறையிடுவதா என்று அந்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நேற்று அவரிடம் கேட்டபோது, புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

பரீட்சையை நான் இன்னும் மறுபடி செய்யவில்லை. வருகிற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். வேறு சொல்வதற்கில்லை.

மேலே எழுதப்பட்டது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் முறைப்பாட்டின் வாசகத்தைப் பின்பற்றி "சடலத்தின் நெஞ்சில்" என்று எழுதப்பட்டிருந்தது. அதை வெட்டிப் "பிரகாஸின் நெஞ்சில்" என்று எழுதும்படி கேட்டு, வெட்டிய இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றவையெல்லாம் நான் சொன்னபடியே உள்ளன. நான் கண்டதும் செய்ததும் இவையே என்றும், இதில் கூட்டியதோ மறைத்ததோ இல்லையென்றும் உறுதிசெய்து கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ப. வினோஜா

என்னால் கேட்டு எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்பட்டது.
(ஒப்பம்) உப பொலிஸ் பரிசோதகர்